பயிருக்கொரு பருவம், கருவூலத்துக்கொரு பருவம்

(மாணவர் மன்றமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

  

அறிவியல் பற்றிப் பேச வேண்டுமென்று என்னை அழைத்தீர்கள். அறிவியல் பயின்றவனல்லன் நான். குழாயையும் குடுவையையும் பள்ளியோடு மறந்தவன். ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் ஆட்சி மன்றத்துக்கும் இடையே ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையின்மீது ஒரு கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்பு நகர்ந்தால் அறிவு நடக்கிறது. கோப்பு நின்றால் அறிவும் நிற்கிறது. அந்தக் கோப்பைப் பற்றிப் பேச அரசியல்காரனுக்கு உரிமை உண்டு. உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு. ஏனெனில் அந்த மேசையைப் போட்டவர்கள் அறிவியலாளர்கள் அல்லர், ஆட்சி நடத்துவோர்தாம்.

உழவனைக் கேளுங்கள், ஆண்டு எப்போது தொடங்குகிறது என்று. ஆடியில் தொடங்குகிறது என்பான். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது அவன் பாட்டன் சொத்து. கருவூலத்தைக் கேளுங்கள். ஏப்ரல் முதல் நாளில் தொடங்கி மார்ச் 31ஆம் நாளில் முடிகிறது என்னும். இந்தக் கணக்காண்டு நாம் வகுத்ததன்று. 1867இல் வெள்ளையர் ஆட்சி தன் தாயகத்துக் கணக்கோடு இந்தியக் கணக்கு ஒத்துப் போவதற்காக வகுத்தது. வெள்ளையர் போனார்கள், மார்ச் 31 போகவில்லை. போக வேண்டுமென்றும் நான் சொல்லவில்லை. கணக்குக்கு ஏதேனும் ஒரு நாள் முடிவு நாளாக இருந்துதான் தீர வேண்டும். ஆனால் பயிருக்கு அந்தச் செய்தியை யார் போய்ச் சொல்வது?

எண்ணிப் பாருங்கள்! ஓர் இளம் ஆய்வாளர். அரசினர் கல்லூரியிலோ பல்கலைக் கழகத்திலோ பணியாற்றுகிறார் என்று கொள்வோம். நெற்பயிரைத் தாக்கும் குலை நோயை ஆராய விரும்புகிறார். பனி விழும் மாதங்களில், குளிர்ந்த இரவுகளில், சம்பாப் பயிரின் இலையிலும் கழுத்திலும் பற்றிக்கொண்டு, பால் பிடிக்க வேண்டிய கதிரைப் பதராக்கிவிடும் நோய் அது. எந்த வகை நெல் அதைத் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று கண்டறிய மூன்றாண்டுத் திட்டமொன்றை எழுதி அனுப்புகிறார். வல்லுநர் குழு பார்க்கிறது, நன்று என்கிறது, பரிந்துரைக்கிறது. ஆணை வருகிறது. ஆய்வாளர் வீட்டில் பாயசம் வைக்கிறார்கள்!

ஆணை வந்தது, பணம் வரவில்லை. ஆவணியில் நாற்றங்கால் விட்டாயிற்று, பணம் வரவில்லை. புரட்டாசியில் நடவு முடிந்தது, பணம் வரவில்லை. மார்கழியில் நோய் வந்தது. அழையாமலே வந்தது, ஒப்பந்தப்புள்ளி கேட்காமலே வந்தது, எந்த ஒப்புதலுக்கும் காத்திராமல் வந்தது! தையில் அறுவடையும் ஆயிற்று. மாசி பிறந்த பின் பணம் வருகிறது. கூடவே ஒரு குறிப்பும் வருகிறது: மார்ச் 31க்குள் செலவிட்டுப் பயன்பாட்டுச் சான்று அனுப்புக, செலவிடாத பணம் திரும்பிவிடும்.

வயலிலே தாள்தான் நிற்கிறது. எதை ஆராய்வார் அவர்? ஆராய்வதற்கு ஒன்றுமில்லை; செலவழிப்பதற்குத்தான் பணம் இருக்கிறது. செலவழித்தால் வீண் செய்தவராகிறார். செலவழிக்காவிட்டால் திறமையற்றவராகிறார், அடுத்த ஆண்டுத் தவணையும் குறைகிறது. இரண்டில் எதைச் செய்தாலும் குலை நோய்க்கு ஒரு கேடுமில்லை.

இது கற்பனை ஆய்வாளர்தான். ஆனால் இந்த அவையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்கள் தலையசைப்பதைக் காண்கிறேன். கற்பனைக்கு யாரும் இப்படித் தலையசைப்பதில்லை!

பணம் காலத்தில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். துன்பம் தீர்ந்ததா? இல்லை, கொள்முதல் தொடங்குகிறது. ஆய்வுக்கு ஒரு நொதி வேண்டும். உறைநிலைக்கும் 20 பாகை கீழே குளிரில் வைக்க வேண்டிய பொருள். உலகில் அதைச் செய்வோர் ஓரிருவரே. விதி கேட்கிறது: மூன்று விலைப்புள்ளி எங்கே? ஒருவர்தானே செய்கிறார் என்கிறார் ஆய்வாளர். ஒருவர்தாம் செய்கிறார் என்பதற்குச் சான்று எங்கே? சான்று தருகிறார். அரசின் மின்வழிச் சந்தையில் இது கிடைக்கவில்லை என்பதற்குச் சான்று எங்கே? அதையும் தருகிறார். பொருள் கப்பலேறவோ வானூர்தி ஏறவோ செய்து நம் நாட்டு வாயிலுக்கு வருகிறது. சுங்கத்திலே ஒரு தாள் குறைகிறது. தாள் வந்து சேருமுன் பனிக்கட்டி உருகிவிடுகிறது. பிறகு கையில் கிடைப்பது நொதியன்று, விலையுயர்ந்த தண்ணீர்.

இங்கே சிலர் எழுந்து கேட்கக்கூடும்: “ஐயா, கணக்குக் கேட்பது தவறா? ஏழையின் வரிப்பணமல்லவா? தீப்பெட்டிக்கும் வரி கட்டியவனின் காசை, கேட்பாரின்றிச் செலவழிக்க விடலாமா?” என்று.

நல்ல கேள்வி. கேட்டே தீர வேண்டிய கேள்வி. கணக்குக் கேட்பது தவறன்று. அது மக்களாட்சியின் மானம். கேட்பாரற்ற பணம் கெட்ட பணமாகும் என்பதை நாம் பல துறைகளிலே கண்டிருக்கிறோம். மூன்று விலைப்புள்ளி விதியும், மிகக் குறைந்த விலைக்கே வாங்க வேண்டும் என்ற விதியும், ஆண்டு முடிவில் மிச்சத்தைத் திருப்ப வேண்டும் என்ற விதியும் கெட்டவர்கள் எழுதியவை அல்ல. களவைத் தடுக்க நல்லவர்கள் எழுதியவை. சாலை போடுவதற்கும், சிமெண்டு வாங்குவதற்கும், நாற்காலி வாங்குவதற்கும் அவை பொருந்தும். சாலை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது முன்னரே தெரியும். எத்தனை மூட்டை சிமெண்டு என்பதும் தெரியும். தெரிந்ததைச் செய்வதற்கு வகுத்த விதிகள் அவை.

ஆய்வு என்பதோ தெரியாததைத் தேடுவது. விடை தெரிந்திருந்தால் ஆய்வே வேண்டாமே! எந்தத் திங்களில் என்ன தேவைப்படும் என்பதை மூன்றாண்டுக்கு முன்பே எழுதிக் கொடு என்றால், காணாத ஊருக்கு வழிச்செலவுக் கணக்கை அணா பைசாவோடு கேட்பதாகும். மலிவான கருவி எது என்று கேட்கிறது விதி. நுண்மையான கருவி எது என்று கேட்கிறது ஆய்வு. ஆண்டுக்குள் முடி என்கிறது விதி. முடியும்போதுதான் முடியும் என்கிறது இயற்கை. தோற்றால் ஏன் தோற்றாய் என்று மிரட்டுகிறது விதி. தோற்றால்தான் கற்பாய் என்று தேற்றுகிறது அறிவியல்.

தோல்வி என்றதும் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள். சிறீஅரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி. 3 என்ற ஏவுகலம் எழுந்தது. இராமேசுவரத்துப் பிள்ளையான அப்துல் கலாம் அத்திட்டத்தின் இயக்குநர். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டுக் கருவி பழுதுபட்டது. சில நிமிடங்களில் கலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. பல ஆண்டு உழைப்பு கடலுக்கடியில்! கணக்குப் பேரேட்டை மட்டும் பார்ப்பவன் அன்று என்ன எழுதியிருப்பான்? “செலவு இவ்வளவு, வரவு சுழி, பொறுப்பாளர் யார் என விளக்கம் கேட்கப்படுகிறது” என்று எழுதியிருப்பான்.

ஆனால் அன்று தலைமையில் இருந்த சதீசு தவான் செய்தியாளர்முன் தாமே வந்து நின்று தோல்விக்கு முகம் கொடுத்தார் என்றும், வெற்றி வந்தபோது தம்மை முன்னே அனுப்பிவைத்தார் என்றும் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வெற்றி எப்போது வந்தது? பதினோரு திங்களில்! 1980 ஜூலை 18ஆம் நாள் அதே ஏவுகல வகை ரோகிணியை விண்ணில் நிறுத்தியது. கடலில் விழுந்தது பணமன்று, தோழர்களே! விழுந்தது ஒரு பிழை. அந்தப் பிழையைக் கண்டறிய அதுதான் விலை.

இப்போது உங்கள் மனத்தில் ஓர் ஐயம் எழ வேண்டும். அதே நாடு, அதே தில்லி, அதே கருவூலம், அதே மார்ச் 31. அங்கே மட்டும் எப்படி முடிந்தது? மற்ற இடங்களில் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்விக்கான விடைதான் இன்று நான் உங்களிடம் ஒப்படைக்க வந்த செய்தி.

1958ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடுவண் அரசு ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. அணுசக்தி ஆணையத்தைப் புதிதாக அமைத்த தீர்மானம் அது. அதிலே அரசு தன் கையாலேயே எழுதியது என்ன தெரியுமா? இந்தத் துறை புதியது. இதன் தேவைகள் தனியானவை. ஆகவே இன்றியமையாதன அல்லாத கட்டுப்பாடுகளிலிருந்தும், வீணே வளைந்து கொடுக்காத விதிகளிலிருந்தும் விடுபட்டு, திட்டமிடவும் நிறைவேற்றவும் இந்த அமைப்புக்கு முழு அதிகாரம் வேண்டும் என்று எழுதியது. வளைந்து கொடுக்காத விதிகள் என்று யார் சொன்னது? எதிர்க்கட்சியா? ஊதியம் கேட்ட சங்கமா? இல்லை, அரசே சொன்னது! நோயின் பெயரை அரசே எழுதி, கீழே கையொப்பமும் இட்டது.

மருந்தையும் எழுதியது. ஆணையத்தின் தலைவரே துறையின் செயலாளர் என்றது. அறிவியலாளருக்கும் ஆணையிடும் அதிகாரத்துக்கும் இடையே இருந்த படிக்கட்டுகள் அகன்றன. அதைவிட நுட்பமான இன்னொன்றையும் செய்தது. நிதிக்கென ஓர் உறுப்பினரை அந்த ஆணையத்துக்குள்ளேயே அமர்த்தி, பண விவகாரங்களில் அவரே அரசின் செயலாளர் என்றது. இதன் பொருளை ஊன்றிப் பாருங்கள். கணக்குக் கேட்பவரை அவர்கள் ஒழிக்கவில்லை. அவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தாமல் வீட்டுக்குள்ளே அழைத்து மேசையில் அமர்த்தினார்கள். வெளியே நிற்பவருக்குப் பூட்டு மட்டும்தான் தெரியும். உள்ளே அமர்ந்தவருக்கு அடுப்பில் உலை கொதிப்பது தெரியும். அரிசி எப்போது வேண்டும் என்பதும் தெரியும். செலவிடும் அதிகாரமும் விளைவுக்கான பொறுப்பும் ஒரே மேசைக்கு வந்தன. 1972இல் விண்வெளி ஆணையம் அமைந்தபோதும் இதே முறை பின்பற்றப்பட்டது. விண்ணில் நாம் காணும் விளக்குகளுக்கு எரிபொருள் மட்டும் காரணமன்று. இந்த மேசையும் ஒரு காரணம்.

மூன்றாவது சான்று ஒன்று உண்டு. அது நம் கொங்கு நாட்டுக்காரர் ஒருவரோடு தொடர்புடையது. 1964இல் சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண்மை அமைச்சரானார். நாடு கப்பலில் வரும் கோதுமைக்குக் கையேந்தி நின்ற காலம். 1929இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இருந்தது, ஆராய்ச்சி நிலையங்கள் இருந்தன, அறிஞர்களும் இருந்தார்கள். ஆனால் கழகத்தின் தலைமையில் ஆட்சிப்பணி அதிகாரிகளே இருந்து வந்தார்கள். நிலையங்கள் பல துறைகளின்கீழ் பிரிந்து கிடந்தன. 1965இல் பி. பி. பால் என்ற பயிரியல் அறிஞர் அக்கழகத்தின் தலைமை இயக்குநராக அமர்த்தப்பட்டார். அப்பதவியில் அமர்ந்த முதல் அறிவியலாளர் அவரே. சிதறிக் கிடந்த ஆய்வு நிலையங்கள் கழகத்தின்கீழ் ஒன்றாயின. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை இறக்குமதி செய்யும் துணிவான முடிவு எடுக்கப்பட்டது. அமைச்சர் தம் தில்லி வீட்டுப் புல்வெளியையே உழுது புதிய விதையை விதைத்துக் காட்டினார். விதை, விதைக்கும் பருவத்தில் வந்தது. இதுதான் செய்தி! கருவூலப் பருவத்தில் அன்று, பயிரின் பருவத்தில் வந்தது. 1964-65இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68இல் 1 கோடியே 65 லட்சம் டன்னாயிற்று.

பசுமைப் புரட்சியின் பின்விளைவுகள் பற்றி எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். மண் களைத்தது, நீர் வற்றியது என்பதையெல்லாம் மறுப்பாரில்லை. ஆனால் அன்று பசித்த வயிற்றுக்குச் சோறு வந்தது. வருவதற்குமுன் ஒரு நாற்காலியில் ஆள் மாற வேண்டியிருந்தது. அந்த உண்மையை மறைக்கக் கூடாது.

தலைமை மாறியதால் எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. 1972இல் தலைநகரின் வேளாண் ஆய்வு நிலையத்திலே ஓர் இளம் அறிஞர், பணி உயர்விலும் ஆள் தேர்விலும் நேர்ந்த மனக்கசப்பால் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். நாடாளுமன்றம் அதிர்ந்தது. முன்னாள் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் பின்னரே 1975இல் வேளாண் அறிவியலாளர்களுக்கெனத் தனிப் பணித்தொகுதி உருவாயிற்று. விதியைத் திருத்துவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது! விதிகள் தாளில் எழுதப்படுகின்றன, தோழர்களே! ஆனால் அவை விழுவது தாளின்மீதன்று, மனிதர்மீது.

ஆக, அரசுக்கு நோய் தெரியும், மருந்தும் தெரியும். 1958இலேயே தெரியும். ஆனால் அந்த மருந்தை அணுவுக்குக் கொடுத்தது, விண்ணுக்குக் கொடுத்தது, வேளாண்மைக்கு அரைக் குவளை கொடுத்தது. மற்றவர்களைப் பார்த்து, நீங்கள் விதிப்படி நடந்து கொள்ளுங்கள் என்றது. இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு. மற்ற பிள்ளைகளுக்குச் சோறு உண்பதற்கான நடைமுறை விதி!

மற்ற பிள்ளைகள் யார்? பல்கலைக் கழகங்கள். நம் மாநிலப் பல்கலைக் கழகங்கள். நாட்டில் உயர்கல்வி பயில்வோரில் 81 விழுக்காட்டினர் மாநில அரசுப் பல்கலைக் கழகங்களைச் சார்ந்தவர்கள் என்று நிதி ஆயோக் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆய்வுப்பணம் எங்கே போயிற்று? அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியத்தின் நிதியில் 65 விழுக்காடு ஐ.ஐ.டி.களுக்கும், 11 விழுக்காடு மட்டுமே மாநிலப் பல்கலைக் கழகங்களுக்கும் போய்ச் சேர்ந்ததாக 2023இல் அரசுத் தரப்பிலேயே சொல்லப்பட்டது. பிள்ளைகள் இங்கே, பால் அங்கே!

மொத்தப் பாலாவது மிகுதியா? 2020-21ஆம் ஆண்டுக்கு அரசு வெளியிட்ட கணக்கின்படி, நாடு முழுவதும் ஆய்வுக்கும் வளர்ச்சிக்கும் செலவிட்டது சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் கோடி ரூபாய். நாட்டு வருவாயில் 0.64 விழுக்காடு. அதே காலத்தில் சீனம் 2.4, தென் கொரியா 4.8. குறைவாகக் கொடுப்பவன், கொடுத்த குறைவையாவது காலத்தில் கொடுக்க வேண்டாமா?

கொடுத்த கையே எடுத்த கதையும் உண்டு. அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிலையங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 விழுக்காடாக இருந்த சரக்கு, சேவை வரி 2022 ஜூலையில் 18 விழுக்காடு ஆக்கப்பட்டது. ஒரு கோடி ரூபாய்க் கருவிக்கு முன்னர் 5 லட்சம் வரி. பின்னர் 18 லட்சம். முன்னரே ஒப்புதல் பெற்ற திட்டத்தில் அந்த 13 லட்சத்துக்கு எங்கே போவது? ஓர் உதவியாளரின் ஊதியத்தில் கை வைக்க வேண்டும். அல்லது கருவியையே கைவிட வேண்டும். அரசு தரும் மானியத்தில் அரசே வரி பிடித்தால், யானையை வாங்கிக் கொடுத்துவிட்டு அங்குசத்தைப் பறிப்பது போலாகாதா? அதோடு நின்றதா? 2024 ஆகஸ்டில், ஆய்வு மானியங்களுக்கே வரி கட்டு என்று தில்லி ஐ.ஐ.டி.க்கு 120 கோடி ரூபாய்க்கு அறிவிப்பு அனுப்பப்பட்ட செய்தி வந்தது. எதிர்ப்பு எழுந்தது. அதன் பின்னர் செப்டம்பர் 9ஆம் நாள் கூடிய வரி மன்றம் ஆய்வு மானியங்களுக்கு விலக்கு அளித்தது. எழுந்த குரல் வீண் போகவில்லை என்பதற்கு அது சான்று.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். சில கதவுகள் அண்மையில் திறந்திருக்கின்றன. 2025 ஜூனில் நடுவண் அரசு கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. அறிவியல் நிலையங்கள் விலைப்புள்ளி கேளாமல் நேரே வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாயிற்று. குழு அமைத்து வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாயிற்று. 200 கோடிக்கு உட்பட்ட கொள்முதலுக்கு உலக அளவில் ஒப்பந்தப்புள்ளி கேட்கக் கூடாது என்று 2020 மே முதல் இருந்த தடைக்கு விலக்களிக்கும் அதிகாரம் இயக்குநர்களிடமும் துணைவேந்தர்களிடமுமே ஒப்படைக்கப்பட்டது. வரவேற்கிறேன். மனமார வரவேற்கிறேன். ஆனால் கேட்கிறேன்: 1958இல் தெரிந்த உண்மையை ஒப்புக்கொள்ள 67 ஆண்டுகளா?

2023இல் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. ஐந்தாண்டில் 50,000 கோடி என்றார்கள். கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியே, தொழிலதிபர்களிடமிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் வரும் என்று கணக்கிட்டார்கள். கொடையாளர் இல்லாத நாடல்ல இது. காரைக்குடியிலே மின்வேதியியல் ஆய்வு நிலையம் எழுவதற்கு 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் எடுத்துக் கொடுத்தார் வள்ளல் அழகப்பர். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 பொங்கல் நாளில் இராதாகிருட்டிணன் திறந்துவைத்தார். ஆனால் அழகப்பர்கள் எல்லா ஊரிலும் பிறப்பதில்லை. வள்ளலை நம்பி நாட்டின் ஆய்வுக்குப் பட்டியல் போடக் கூடாது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2018இல் எடுத்த கணக்கெடுப்பில், கூட்டரசு நிதி பெறும் பேராசிரியர்கள் தம் ஆய்வு நேரத்தில் 44 விழுக்காட்டை விண்ணப்பம், அறிக்கை, படிவம் இவற்றுக்கே செலவிடுவதாகச் சொன்னார்கள். செல்வர் வீட்டிலும் அந்த நோய் உண்டு. ஆனால் செல்வர் வீட்டுப் பிள்ளை நாளில் பாதியைத் தாளில் கழித்தாலும் தாங்கும். நாம் தாங்குவோமா?

அப்படியாயின் என்ன செய்ய வேண்டும்? குறை கூறிவிட்டுப் போவதற்கு வந்தவனல்லன் நான்.

ஒன்று, மூன்றாண்டுத் திட்டத்துக்குப் பணம் மூன்றாண்டுக்கும் வாழ வேண்டும். மார்ச் 31இல் கணக்கைக் காட்டு என்று கேளுங்கள், தருகிறோம். பணத்தைத் திருப்பு என்று கேட்காதீர்கள். இரண்டு, ஆய்வாளர் அறிக்கை தருவதற்கு நாள் குறிப்பது போல, அலுவலகம் பணம் தருவதற்கும் நாள் குறிக்க வேண்டும். காலம் தாழ்ந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் மேசைக்கு இந்தப் பக்கத்தில் மட்டும் இருக்கக் கூடாது. மூன்று, பெரிய பல்கலைக் கழகந்தோறும், ஆய்வு நிலையந்தோறும் நிதியறிந்த ஒருவர் உள்ளேயே அமர்ந்து அங்கேயே முடிவு செய்ய வேண்டும். அணுவுக்குச் செய்ததை ஆடுதுறைக்கும் செய்யுங்கள் என்கிறேன். நான்கு, தில்லியின் தளர்வு தில்லி நிலையங்களோடு நின்றால் போதாது. மாநிலப் பல்கலைக் கழகங்கள் அந்தந்த மாநிலத்தின் விதிப்படி வாங்குகின்றன. ஆகவே மாநில அரசுகளும் தம் விதிகளை எடுத்துப் பார்க்க வேண்டும். பிறர் வீட்டுக் கறையைச் சுட்டும் விரல் நம் வீட்டுச் சுவரையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து, மாணவ ஆய்வாளரின் உதவித்தொகை திங்கள்தோறும் குறித்த நாளில் வர வேண்டும். அமைச்சருக்கு மாதம் தவறாமல் ஊதியம் வருகிறது, அதிகாரிக்கு வருகிறது, கோப்பை நகர்த்துவோருக்கும், நகர்த்தாதோருக்கும் வருகிறது. இரவெல்லாம் நுண்ணோக்கியில் கண் பதித்திருக்கும் பிள்ளைக்கு மட்டும், அறை வாடகை கொடுக்க நண்பனிடம் கடன் வாங்கு என்பது என்ன நீதி?

இந்த உரிமைக்கு ஒரு விலையுண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். உரிமை பெற்ற அணுத்துறையைப் பற்றி, அது மக்களிடம் போதுமான அளவு மனம் திறப்பதில்லை என்ற குறை நெடுநாளாக உண்டு. விதியின் பிடி தளரும்போது வெளிச்சத்தின் பிடி இறுக வேண்டும். என்ன தேடினோம், என்ன கிடைத்தது, எங்கே தவறினோம் என்பதை மக்கள்முன் வைக்க வேண்டும். ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் பதில் சொல்வதைவிட அது கடினமான கணக்கு. அந்தக் கடினமான கணக்கைக் கேளுங்கள். இன்னாருக்கு இது இயலும் என்று ஆராய்ந்து தெளியுங்கள். தெளிந்த பின் பணியை அவரிடமே விடுங்கள் என்பது தமிழன் நெடுங்காலமாய் அறிந்த ஆட்சி நெறி. ஆராயாமல் கொடுப்பதும் தவறு. கொடுத்த பின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் தவறு.

மாணவத் தோழர்களே! உங்களில் சிலர் நாளை ஆய்வாளர்கள் ஆவீர்கள். சிலர் ஆட்சிப்பணித் தேர்வெழுதி, அந்த மேசைக்கு அந்தப் பக்கத்தில் அமர்வீர்கள். ஆய்வாளராகப் போகிறவருக்கு நான் சொல்வது: சலியாதீர்கள், பணம் கேட்பதற்கு நாணாதீர்கள், கணக்குக் காட்டுவதற்கும் நாணாதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அமரப் போகிறவருக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. உங்கள் முன் ஒரு கோப்பு வரும். அதன்மேல் ஓர் எண் இருக்கும், பெயர் இருக்காது. அதைத் திறக்கும்போது, எங்கோ ஒரு வயலில் பனி விழுந்துகொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கதிர் கழுத்தில் நோய் ஏறிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நாளை பார்க்கலாம் என்று நீங்கள் கோப்பை மூடலாம். பயிர் நாளை வரை காத்திராது.